தோட்டத்துத் தொட்டிக்குளத்தில் மீன்கள் விடிகாலையில் மேலே வந்து வாயைத் திறப்பது ஏன்?

பசியால் அல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துவிட்டதால். மீன் செவுளால் எடுத்துக்கொள்வது அதைத்தான். பகல் வெளிச்சத்தில் நீருக்குள் இருக்கும் செடிகளும் பாசியும் ஆக்சிஜனை உண்டாக்கும். இரவில் அவையே அதைச் சுவாசித்துத் தீர்க்கும். பகலெல்லாம் வரவு, இரவெல்லாம் செலவு என்றிருக்கும் கடைக் கல்லா மாதிரி, விடியும்போது இருப்பு அடிமட்டத்தில் நிற்கும்.

சூடான நீரில் ஆக்சிஜன் தங்கவும் தங்காது: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.5 தான். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் கத்திரி வெயிலில் இந்தத் தொல்லை கூடுவது அதனால்தான். ஐப்பசி அடைமழையில் தொடர்ந்து சில நாள் வெயில் தலைகாட்டாவிட்டாலும் வரவு குறைந்துவிடும்.

உடனே தீவனத்தை நிறுத்துங்கள். சிறு பம்ப் வைத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிடுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். அழுகிய இலைகளை அள்ளிவிடுங்கள். போர்த் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், நேராக ஊற்றாமல் சிதறவிட்டு, ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். விரால் போன்ற சில மீன்கள் மட்டும் அவ்வப்போது மேலே வந்து காற்றுக் குடிக்கும். அது அவற்றின் இயல்பு.

செடி கூடக் கூட ஆக்சிஜனும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அல்லியும் ஆகாயத்தாமரையும் ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றில்தான் விடும், பாதிப் பரப்புக்கு மேல் மூடினால் மீனுக்கு மூச்சு முட்டும்.