மருந்து கொடுத்த பிறகு எதைப் பார்ப்பது, எப்போது சொல்வது?

ஏற்காட்டு மலைக்கிராமத்திலிருந்து சேலம் வந்து நர்சிங் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வார்டு போஸ்டிங் தொடங்கிவிட்டது. சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் பார்த்துத்தான் கொடுக்கிறேன். கொடுத்த பிறகு என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை. புத்தகத்தில் ஒரு மருந்துக்கு இருபது பக்கவிளைவு போட்டிருக்கிறது. நோயாளி ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்றால் அது மருந்தாலா, நோயாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தப்பாகச் சொல்லிவிட்டால் சிஸ்டர் திட்டுவாரோ என்ற பயமும் இருக்கிறது.”

மருந்தாலா, நோயாலா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை. அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மாற்றம் வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதும், தாமதிக்காமல் சொல்வதும்தான் உங்கள் வேலை. அதற்கு, மருந்து உள்ளே போவதற்கு முன் அந்த ஆள் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஒரு எஸ்டேட் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலுக்காக மலையிலிருந்து இறங்கி ஜி.எச்.சில் சேர்ந்திருக்கிறார். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட பத்தாவது நிமிடம் கையைச் சொறிகிறார். பார்த்தால் தடிப்பு. இது ஊசியால் வந்ததா, காப்பித் தோட்டத்தில் நேற்று பூச்சி கடித்ததா? ஊசிக்கு முன்னால் அந்தக் கையையும் கழுத்தையும் ஒரு முறை பார்த்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆகவே மருந்து டிராலியோடு போகும்போதே நாடித்துடிப்பு, பி.பி., மூச்சு, தோல், சாப்பிட்டாரா என்பது, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பது எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டு நிமிடம் கூட ஆகாது.

அப்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். “நீங்கதானே மாரியம்மா?” என்று கேட்டால், காது கேட்காத பாட்டி கூட தலையை ஆட்டிவிடுவார். ஒரே வார்டில் இரண்டு மாரியம்மாள் படுத்திருப்பது நம் ஊரில் சாதாரணம். “உங்க பேரைச் சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள், அப்புறம் ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்ணை) சரிபாருங்கள். பெட் நம்பரை நம்ப வேண்டாம், பெட் மாறும். அதேபோல “அலர்ஜி இருக்கா?” என்றால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். “எந்த ஊசி போட்டாவது, மாத்திரை சாப்பிட்டாவது உடம்பு தடிச்சிருக்கா, முகம் வீங்கியிருக்கா, மூச்சு முட்டியிருக்கா?” என்று கேட்டால்தான் பழைய கதை வெளியே வரும்.

அடுத்தது நேரம். இருபது பக்கவிளைவையும் மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அடிக்கடி வருவது எது, உயிருக்கு ஆபத்தானது எது, அது எந்த நேரத்தில் வரும்.

ஊசி வழியாகவோ ட்ரிப்ஸ் வழியாகவோ போகும் ஆன்டிபயாட்டிக்கில் ஆபத்து முதல் சில நிமிடங்களில். ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டுக்கு ஓடாதீர்கள். சற்று நின்று முகத்தைப் பாருங்கள், அடுத்த அரை மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து பாருங்கள். உடம்பெல்லாம் அரிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, குரல் மாறுவது, மூச்சிரைப்பு, திடீர் வாந்தி, கிறுகிறுப்பு இவற்றில் எது வந்தாலும் மருந்தை உடனே நிறுத்திவிட்டுக் குரல் கொடுங்கள். ரத்தக்குழாயில் போட்டிருக்கும் சிறு குழாயான வென்ஃப்ளானைப் பிடுங்கிவிட வேண்டாம், அந்த வழி இப்போது தேவைப்படும். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் மட்டும் உட்கார வைக்கலாம். தோலில் தடிப்பே இல்லாமல் பி.பி. மட்டும் இறங்குவதும் உண்டு. இப்படிப்பட்ட கடும் அலர்ஜிக்கு அட்ரினலின்தான் முதல் மருந்து. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், அதாவது 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலில் பாதி, தொடையின் வெளிப்புறத் தசையில். அதை முடிவு செய்து போடுபவர்கள் சீனியர்கள். ஆனால் எமர்ஜென்சி டிரேயில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று போஸ்டிங்கின் முதல் நாளே பார்த்து வைப்பது உங்கள் பொறுப்பு.

இன்சுலினில் கவனம் ஊசியை எடுக்கும்போதே தொடங்குகிறது. நம்மூர் இன்சுலின் வயல்களில் (மருந்துக் குப்பிகளில்) பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 1 மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் எழுதியிருக்கிறது, கையில் 40 யூனிட் வயல், எடுத்தது ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் என்றால், 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். இதைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். வயலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும்.

ரெகுலர் இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். காலை ஏழரைக்கு ஊசி போட்டாயிற்று, இட்லி வருவதற்குள் ஸ்கேனுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றால் அவரைப் பின்தொடர வேண்டியவர் நீங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம் வந்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்து, நினைவும் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வையுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, ட்ரிப்ஸ் வழியாகத்தான் குளுக்கோஸ். அட்டெனலால், ப்ரோப்ரனலால் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். கிளிபென்கிளமைட் மாதிரி சுகர் மாத்திரையால் சுகர் இறங்கியவர், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதான முதியவர், சர்க்கரைத் தண்ணீரில் தெளிந்த பிறகும் மறுபடி இறங்குவார். “சரியாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள்.

பிரசவ வார்டுக்குப் போகும்போது, பி.பி. ஏறிய கர்ப்பிணிகளுக்கு வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட்டைப் பயத்தோடு மதியுங்கள். ஒவ்வொரு டோஸுக்கும் முன் மூன்று பார்க்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. முழங்காலில் தட்டினால் கால் உதற வேண்டும். சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். ஒன்று சரியில்லை என்றாலும் அந்த டோஸைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். மருந்து அளவு மிஞ்சும்போது மூச்சுக்கு முன்னால் முழங்கால் உதறலே முதலில் நின்றுபோகும். அதனால்தான் அந்தச் சின்னச் சோதனைக்கு அவ்வளவு மதிப்பு. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சில மருந்துகள் மெதுவாகத்தான் காட்டும். பி.பி. மாத்திரையான எனலாப்ரில் வறட்டு இருமலைத் தரும், அது தொல்லை மட்டுமே. அதே மாத்திரையால் உதடோ நாக்கோ வீங்கினால் அது அவசரம். இன்னொரு பி.பி. மாத்திரையான அம்லோடிபின் கால் வீக்கம் தரும். டி.பி. மாத்திரையில் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயமில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கண் மஞ்சளாகி, வாந்தியும் சோறு வெறுப்பும் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டர் பார்த்தாக வேண்டும். இன்னொரு டி.பி. மருந்தான எத்தாம்பியூட்டால் பார்வையைத் தொடும், சிவப்பும் பச்சையும் குழம்பும். காப்பி பறிக்கும் அம்மாவிடம் “கண் தெரியுதா?” என்று கேட்பதை விட, “செடியில பழம் எது, காய் எதுன்னு நிறம் பிரிச்சுத் தெரியுதா?” என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

மலைக்கிராமங்களுக்குச் சமுதாயப் போஸ்டிங் போனால் வேலை வேறு மாதிரி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதோடு, சேலத்தில் தனியார் டாக்டர் எழுதிய மாத்திரைகளும் அதே மஞ்சப்பையில் கிடக்கும். அரசு அட்டையில் அம்லோடிபின் என்றும், கடை அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிவிட்டு, எழுந்ததும் தலை சுற்றுகிறது என்பார்கள். பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு அட்டையின் சிறிய எழுத்தையும் படியுங்கள். படுத்திருக்கும்போது ஒரு பி.பி., எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு பி.பி. எடுங்கள். மேல் எண் 20 இறங்கினால் சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்குகிறார்களா என்றும் பாருங்கள். காப்பியும் டீயும் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும், ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு என்று சொல்லிவையுங்கள்.

சரி, சிஸ்டரிடம் எப்படிச் சொல்வது? “அந்த அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்காம்” என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சிஸ்டர், 12-ஆம் பெட் பழனியம்மாள். பத்து அஞ்சுக்கு செஃப்ட்ரியாக்சோன் போட்டோம். பத்து பதினஞ்சுக்குக் கழுத்தில் புதுசாத் தடிப்பு, முன்னாடி இல்லை. பல்ஸ் 84 இருந்தது, இப்போ 118. பி.பி. 130-க்கு 80 இருந்தது, இப்போ 90-க்கு 60. ட்ரிப்ஸை நிறுத்திட்டேன், வந்து பாருங்க.” இதைக் கேட்டுவிட்டு எந்த சிஸ்டரும் திட்டமாட்டார். அப்படியே திட்டினாலும் சொல்லாமல் விடும் உரிமை நமக்கு இல்லை. சொன்ன நேரத்தையும், யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் கேஸ் ஷீட்டில் பதிய வையுங்கள். மருந்தே மாறிப் போய்விட்டது என்றாலும் இதே வழிதான்: முதலில் நோயாளியைப் பாருங்கள், உடனே சொல்லுங்கள், எதையும் அடித்துத் திருத்தாதீர்கள்.

இன்னொன்று, இதைப் பல மாணவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். மருந்தால் வந்த பாதிப்பை நாடு முழுவதும் சேகரிக்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. டாக்டர் மட்டுமல்ல, நர்ஸும் புகார் படிவம் நிரப்பலாம், நோயாளியே கூடத் தெரிவிக்கலாம். மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை, சந்தேகம் போதும். படிவத்தில் நோயாளியின் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். கட்டணமில்லா எண் 1800-180-3024. அடுத்த முறை வார்டில் அப்படி ஒன்று நடந்தால், நோயாளி தேறியதும் சிஸ்டரிடம் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி, அவர் மேற்பார்வையில் நீங்களே நிரப்புங்கள்.