வாசகர் கேள்விகள்: பிறவி ஞானமா, வாத்தியார்களா?

கேள்வி: ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் யாரிடமும் பாடம் கேட்காதவர், எல்லாம் பிறவி ஞானம் என்று என் நண்பர் சாதிக்கிறார். சரிதானா?

பதில்: பிறவி ஞானம் என்று சொல்லிவிட்டால் வாத்தியார்களுக்கு நன்றி சொல்லும் வேலை மிச்சம்! 1901-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பரம ஏழையாகப் பிறந்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். தகப்பனார் கைவிட்டுவிட்டார். கார்னோஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் பழைய சாமான் வண்டியில் ஏறி, தகரக் குழலை ஊதி ஆள் கூப்பிடுவது பையனின் பிழைப்பு. 1912 டிசம்பர் 31 இரவு, கொண்டாட்டக் குஷியில் நடுத்தெருவில் கைத்துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டான். சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அங்கே பாண்டு சொல்லிக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ். எடுத்த எடுப்பில் கார்னெட்டை (டிரம்பெட் மாதிரியான பித்தளை ஊதுவாத்தியம்) கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் கஞ்சிரா மாதிரியான தம்புரின், பிறகு ஆல்ட்டோ ஹார்ன், பியூகிள் என்ற ஊதுவாத்தியங்கள், அதற்கப்புறம்தான் கார்னெட். கடைசியில் அந்த பாண்டுக்கே தலைவனானான். வெளியே வந்ததும் கார்னெட் வித்வான் 'கிங்' ஆலிவர் வீட்டில் எடுபிடி வேலை. கூலி, கார்னெட் பாடம். பிற்பாடு மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் ஃபேட் மராபிள் குழுவில் வாசித்தபோதுதான் இசைக்குறிப்பைத் தடுமாறாமல் படிக்கப் பழகினார். நண்பரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

கேள்வி: டிக்கெட் வாங்கக் காசில்லாத சிறுவன் இசையை எங்கே கேட்டிருப்பான்?

பதில்: தெருவில். அந்த ஊரில் பித்தளை வாத்தியக் குழுக்கள் சவ ஊர்வலத்துக்கும் வரும். இடுகாடு போகும்வரை மெதுவான துதிப்பாடல். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போடவைக்கும் மெட்டு. பின்னால் ஆடிக்கொண்டே வரும் கூட்டத்துக்கு 'இரண்டாம் வரிசை' என்று பெயர். அழைப்பும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் வளர்ந்த காது அது.

கேள்வி: புகழ் வந்தபிறகு அவர் இலவசமாக வாசித்தது உண்டா?

பதில்: உண்டு. 1956 மே மாதம் ஆப்பிரிக்காவில், கானாவின் அக்ரா நகரில் (கானா அப்போது கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி, விடுதலைக்கு இன்னும் பத்து மாதம்) திறந்தவெளியில் வாசித்தார். கூட்டம் லட்சத்தைத் தொட்டது என்பார்கள். ஆனால் சொந்த ஊர்? வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிக்கக்கூடாது என்று அந்த ஊர் இருக்கும் லூசியானா மாநிலம் அதே ஆண்டு சட்டம் போட்டது. அவர் குழுவிலோ இரு தரப்பும் உண்டு. குழுவைப் பிரித்துக்கொண்டு வரமாட்டேன் என்று ஒதுங்கியவர், 1965-ல்தான் நியூ ஆர்லியன்ஸில் மீண்டும் வாசித்தார். இலவசமாகவே அழைத்திருந்தாலும் இடையில் போயிருக்கமாட்டார் என்பது என் கட்சி.