பிடித்துக்கொண்ட இடுப்புக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கேள்வி: தரையில் இருந்த துணிக்கூடையைத் தூக்கக் குனிந்தபோது இடுப்பு சட்டென்று பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை. ஒரு வாரம் அசையாமல் வெறுந்தரையில் படுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் வீட்டில். உடனடியாக நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் சில மணி நேரத்தில் வலி மிகக் கடுமையாக இருப்பதால், முதுகில் ஏதோ முறிந்துவிட்டது என்ற அச்சம் எழுவது இயல்பு. வலி கடுமையாக இருப்பதாலேயே உள்ளே பெரிய சேதம் நேர்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டியதில்லை. இவ்வாறு கீழ்முதுகு வலியோடு வருபவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 85 முதல் 90 பேரிடம் எலும்பு முறிவு, கிருமித் தொற்று, கட்டி போன்ற எந்தக் குறிப்பிட்ட நோயும் காணப்படுவதில்லை. தசையோ, தசைநாரோ, முதுகெலும்பின் சிறு மூட்டோ உறுத்தலுக்கு உள்ளாகும்போது, சுற்றியுள்ள தசைகள் அந்த இடத்தை அசையவிடாமல் காக்க முயன்று இறுகிக்கொள்கின்றன. உங்களை நிமிரவிடாமல் தடுப்பது பெரும்பாலும் இந்த இறுக்கம்தான்.

ஆகவே, முதலில் அந்த இறுக்கம் தளர இடம் கொடுங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்கால்களும் ஒரு நாற்காலியின் இருக்கை மீது படியும்படி, இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையில் 10 அல்லது 15 நிமிடம் இருங்கள். தரையில் இறங்கிப் படுக்க முடியாதவர்கள் கட்டிலிலேயே முழங்கால்களுக்குக் கீழே இரண்டு தலையணைகளை வைத்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுப்பது சுகமாக இருந்தால் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை போதும். எழும்போது நேராக நிமிர்ந்து எழ முயலாதீர்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடியே கையால் உடலை உந்தி எழுந்தால் வலி வெகுவாகக் குறையும். தும்மலோ இருமலோ வந்தால் சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள். சிறிய உபாயம்தான், ஆனால் முதல் 2 நாட்களில் பலரை அலற வைப்பது இந்தத் தும்மலே.

ஒரு வாரம் படுத்திருக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். உங்கள் வீட்டார் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மருத்துவர்களும் முன்பு அப்படித்தான் சொல்லி வந்தார்கள். பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வு ஒன்றில், திடீர் முதுகுவலி வந்தவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 2 நாட்கள் படுக்கையில் ஓய்வெடுக்கவும், மற்றொரு பிரிவினரை முதுகுப் பயிற்சிகள் செய்யவும், மூன்றாம் பிரிவினரை வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடரவும் சொன்னார்கள். மற்ற இரு பிரிவினரைவிட விரைவாகத் தேறியவர்கள் வேலைகளைத் தொடர்ந்தவர்களே. படுத்தே இருந்தால் தசைகள் விறைப்பதோடு, அசைந்தால் ஆபத்து என்ற பயமும் மனத்தில் வேர்விடுகிறது. அந்தப் பயம் வலியை நீட்டிக்கிறது.

எனவே விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் நடங்கள். நடக்கும்போது சிறிது வலிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் இடுப்பில் இருந்த வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழிறங்கிக்கொண்டே போனால் அந்த அசைவை நிறுத்திவிடுங்கள். வெகுநேரம் உட்கார்ந்தே இருப்பதும், குனிந்து திரும்பி எடை தூக்குவதும் சில நாட்களுக்கு வேண்டாம். பெரும்பாலோருக்கு முதல் வாரத்திலேயே தெளிவான முன்னேற்றம் தெரியும். முழுமையாகத் தேற 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம்.

கேள்வி: சூடான ஒத்தடமா, பனிக்கட்டியா? யாரையாவது அழைத்துச் சுளுக்கு எடுக்கச் சொல்லலாமா?

பதில்: சூட்டுக்குத்தான் ஆய்வுச் சான்று கூடுதலாக இருக்கிறது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு முறை ஒத்தடம் கொடுக்கலாம். அதன் மேலேயே படுத்து உறங்கிவிடக் கூடாது. நீரிழிவால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாமல் கொப்புளம் எழுந்துவிடும். பனிக்கட்டி உங்களுக்குச் சுகம் தருமானால் அதைத் தவிர்க்க வேண்டிய அவசியமில்லை. மென்மையாகத் தடவிவிடுவதும் நல்லதே. ஆனால் பயிற்சி இல்லாத ஒருவர் முதுகில் ஏறி மிதிப்பதையும், காலைப் பிடித்து வெட்டி இழுப்பதையும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பாராசிட்டமால் இந்த வலியிலிருந்து மீள்வதை விரைவுபடுத்துவதில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இபுப்ரோஃபென் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைகள் ஓரளவு உதவும். உணவுக்குப் பிறகு, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயநோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

கேள்வி: எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

பதில்: சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, சிறுநீரோ மலமோ தானாகக் கசிவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, கால்கள் வலுவிழப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள் இவை. தாமதித்தால் இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, கீழே விழுந்தபின் அல்லது விபத்துக்குப் பின் வந்த வலி, புற்றுநோய் இருந்தவர்களுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும் புதிதாக வந்த வலி, காரணமின்றி எடை குறைவதோடு சேர்ந்த வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் கூடும் வலி ஆகியவற்றையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

கேள்வி: வலி வந்த மூன்றாம் நாளே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தேன். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பதாக அறிக்கை சொல்கிறது. இனி குனியவே கூடாதா?

பதில்: முந்தைய பதிலில் சொன்ன அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு முதல் 6 வாரத்தில் ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரை, 20 வயதினரில் 30 சதவீதத்தினரிடமும் 80 வயதினரில் 84 சதவீதத்தினரிடமும் இத்தகைய தட்டுப் புடைப்பு இருந்ததைக் காட்டியது. உங்கள் அறிக்கையில் இருப்பது இந்த வலிக்கு முன்பிருந்தே அங்கே இருந்திருக்கலாம். அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். காலின் பலம், உணர்ச்சி, அனிச்சைச் செயல் ஆகியவற்றைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, அதை உங்கள் உடல்நிலையோடு பொருத்திப் பொருள் கேளுங்கள். அவர் தடுக்காதவரை, வலி தணியத் தணியச் சிறிது சிறிதாகக் குனிந்து பழகலாம்.