மலை உச்சியில் கடல் உயிரின் புதைபடிவம் எப்படி வந்தது?

எவரெஸ்ட் உச்சிப் பாறையில் கடல் உயிர்களின் படிவம், அதாவது கல்லாகிப்போன எச்சம், இருக்கிறதே, அங்கே கடலா ஏறி வந்தது என்று கோலாலம்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கடலின் அடித்தரைதான் மேலே போனது. இந்தியாவின் வட ஓரத்தில் கிடந்த கடலில் சேறும் சிப்பித்தூளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகின, அப்புறம் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு (பூமி மேலோட்டின் பெரிய துண்டு) ஆசியாவோடு மோதத் தொடங்கியபோது அந்த அடுக்குகள் நொறுங்கி மடிந்து இமயமாக எழுந்தன. வீட்டில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமத்தைப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றுக் கல் அது; உள்ளே தெரியும் சக்கரம் அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓடு!

ஆய்வாளர்கள் படிவத்தை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவதில்லை. எந்த அடுக்கு, எந்தச் சாய்வு என்று முதலில் குறித்துக்கொள்வார்கள், ஏனென்றால் மலையில் அடுக்கு தலைகீழாகவும் மடிந்திருக்கும், பழையது மேலே வந்துவிடும். இடம் தெரியாத படிவத்தின் கதையில் பாதி போய்விட்டது என்றே சொல்வேன்.

சரி, கோலாலம்பூரில் இருந்துகொண்டு எதைப் பார்ப்பது? பத்துமலைக்குப் போங்கள். 272 படி ஏறினால் சுற்றிலும் நிற்கும் சுண்ணாம்புப் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய கடல் படிவுதான். வெப்பத்தில் பளிங்காக மாறியதால் படிவங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. பினாங்குக் கொடிமலையில் தேடவே வேண்டாம், அது பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகிய கருங்கல்.