மருமகனுக்கு ரேவ்4, மாமனாருக்கு உப்புக் கவலை

கார் வாங்கப் போவது கனடாவில் இருக்கும் பிள்ளைகள், கேள்வி அனுப்புவது இங்கே திருநெல்வேலிச் சீமையில் இருக்கும் பெற்றோர். இந்த மாதம் வந்த கடிதங்களில் இந்த ரகம் ரொம்ப அதிகம். அதனால் வேறு கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

அண்ணாச்சி, என் மகன் பிராம்ப்டனில் இருக்கிறான். புது டொயோட்டா ரேவ்4 பார்க்கப் போனால், வெறும் பெட்ரோல் வண்டியே இனிமேல் வராது என்கிறாராம் டீலர். விலையை ஏற்ற இப்படிச் சொல்கிறாரோ?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை*

டீலர் சொன்னது சரிதான் சார்வாள். 2026 மாடலிலிருந்து ரேவ்4-இல் ஹைப்ரிட், பிளக்-இன் ஹைப்ரிட் இரண்டு மட்டுமே. முதலாவது நம் ஊரில் ஓடும் இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிட் மாதிரி, பேட்டரியைத் தானே ஏற்றிக்கொள்ளும், நாம் பெட்ரோல் போட்டால் போதும். பிளக்-இன் வண்டிக்கு ராத்திரியில் வயர் மாட்ட வேண்டும். மகன் சொந்த வீட்டில் இருக்கிறானா, இல்லை பேஸ்மென்ட் வாடகையா என்று கேளுங்கள். வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதிக்காமல் சார்ஜ் போட வழியில்லை, பிளக்-இன்னுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தண்டம்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்சூரன்ஸ். அந்த ஒன்டாரியோ மாகாணத்திலேயே பிரீமியம் அதிகமான ஊர்களில் பிராம்ப்டனும் ஒன்று, அதோடு ரேவ்4 அங்கே திருடர்களுக்கும் பிடித்த வண்டி. நம் ஊரில் கார் வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் போடுகிறோம், அங்கே பிரீமியம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் காரைப் பார்க்கப் போக வேண்டும். சாவியை வீட்டு வாசல் பக்கம் ஆணியில் மாட்டக் கூடாது, வெளியே நின்றபடியே சிக்னலைப் பிடித்து வண்டியைத் திறந்துவிடுகிறார்கள். மூடியுள்ள தகர டப்பாவில் சாவியைப் போட்டு, டப்பாவோடு காரருகே போய் கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், திறக்காவிட்டால் அந்த டப்பா போதும். சாவியே இல்லாமல் வயரிங் வழியாகக் கிளப்புகிற கூட்டமும் இருப்பதால் பழைய பாணி ஸ்டியரிங் பூட்டும் ஒன்று வாங்கிப் போடட்டும்.

ஒன்டாரியோவில் டீலர் விளம்பரம் செய்யும் விலைக்குள் அவருடைய கட்டணங்கள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும், மேலே 13 சதவீத எச்எஸ்டி வரியும் லைசென்ஸ் கட்டணமும்தான் சேரலாம். வேறு ஏதாவது சேர்த்தால் கேட்கலாம். ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. 84 மாதத் தவணை என்று சொல்லி மாதக் கட்டணத்தைச் சின்னதாகக் காட்டுவார்கள், ஏழு வருஷம் அது, மறந்துவிட வேண்டாம்.

அண்ணாச்சி, ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அதனால் கார் துருப்பிடிக்கிறது என்று மருமகன் சொல்கிறார். உப்பை யாராவது ரோட்டில் கொட்டுவார்களா?
*வாசகர், ஆறுமுகநேரி*

ஆறுமுகநேரிக்காரர், உப்பளத்துப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! கொட்டுகிறார்கள், லாரி லாரியாக. உப்பு கலந்த தண்ணீர் சுழியம் டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போனால்தான் உறையும், அதனால் ரோட்டில் பனி இறுகாமல் இளகிவிடும். ரொம்பக் குளிர் என்றால் உப்பும் கைகொடுக்காது, மணலைத் தூவுவார்கள். ஒன்டாரியோவில் கோடரிச் என்ற ஊரில் ஹியூரான் ஏரிக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது, நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது.

என் சித்தப்பா தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டியவர். லாரிக்கு மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பட்டறையில் அடியில் படுத்து சேஸிஸை ஒரு சுத்தியலால் தட்டினால் துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிரும், ஒருநாள் கிளீனர் பையன் கால் வைத்த படிக்கட்டு காலோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது. மருமகனின் வண்டிக்கும் அதே கதிதான், கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்கும் முன் அடிப்பாகத்துக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்துவிட வேண்டும், நடுவில் வாஷ் பண்ணும்போது அடியையும் கழுவ வேண்டும். பழைய வண்டி வாங்குவதென்றால் மேல் பெயின்ட்டில் மயங்காமல் லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்கட்டும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் பனியில் பயமில்லை என்கிறாள் மகள். தனியாக விண்டர் டயர் வேண்டும் என்கிறார் மருமகன். யார் சொல்வது சரி?
*வாசகி, அம்பாசமுத்திரம்*

அக்கா, இந்தத் தடவை மருமகன் பக்கம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு மழையில் ஜீப்பில் போயிருந்தால் உங்களுக்கே தெரியும், ஏறுகிறவரை நாலு சக்கரமும் உதவும், இறங்கும்போது பிரேக் மிதித்தால் டயர் பிடித்தால்தான் உண்டு. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், விண்டர் டயர் இளக்கமாகவே இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். இரண்டு செட் டயர் செலவு என்று தோன்றும், ஒன்று ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கிறது இல்லையா.

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் செய்கிறார்கள். கனடாவிலும் வின்ஃபாஸ்ட் ஓடுகிறதாமே. நம் ஊர் வண்டி அங்கே போகுதா?
*கல்லூரி மாணவர், வல்லநாடு*

கம்பெனி ஒன்று, வண்டி வேறு தம்பி. 2025 ஆகஸ்டில் திறந்த தூத்துக்குடி ஆலையில் விஎஃப்6, விஎஃப்7 பூட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலது பக்கம். கனடாவில் இடது பக்க ஸ்டியரிங். அங்கே அவர்கள் கொண்டுபோனது விஎஃப்8 மாதிரி பெரிய வண்டிகள், வியட்நாமிலிருந்து.

சீனாக் கார் கனடாவில் மலிவாக வருமா? அமெரிக்க வரியால் விலை ஏறுமா?
*வாசகர், மேலப்பாளையம்*

சீன மின்சாரக் கார்களுக்கு 2024 அக்டோபரில் 100 சதவீத வரி போட்டார்கள். 2026 ஜனவரியில் சமரசமாகி, வருஷத்துக்கு 49,000 வண்டிகள்வரை 6.1 சதவீதத்தில் விட ஒத்துக்கொண்டார்கள். அமெரிக்கா 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீதம் போட்டதும் கனடாவும் பதிலுக்கு அமெரிக்காவிலிருந்து வரும் கார்களுக்குப் போட்டது. அதனால் வரி, வண்டி எங்கே செய்தது என்பதைப் பொறுத்தது. அதை வண்டியின் அடையாள எண்ணான விஐஎன் (VIN) எண்ணின் முதல் எழுத்தே சொல்லும்: 2 என்றால் கனடா, 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான். கண்ணாடிக்கு உள்ளே டாஷ்போர்டு ஓரத்தில் பார்க்கலாம்.

கனடாவில் புதுக் கார் எடுத்தால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாமா?
*ஆச்சி ஒருவர், வள்ளியூர்*

தாராளமாக, ஆச்சி. ஜனவரி மாதம் என்றால் மட்டும் பழத்தை ராத்திரி வெளியே வைத்துவிட வேண்டாம் என்று பேரனிடம் சொல்லுங்கள், காலையில் கல்லாகக் கிடக்கும், டயர் அதன்மேல் ஏறி வழுக்கும்.