தேக்குத் தூணை விற்க வேண்டாம் அண்ணே

போன ஞாயிறு தேவகோட்டையிலிருந்து மகளோடு வந்தீர்கள். நீட்டில் அரசு மருத்துவ இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை; அவளுடைய அம்மான் நிர்வாக ஒதுக்கீட்டில் சீட்டு பேசி வைத்திருக்கிறார். "பயப்படாதீங்கண்ணே" என்றுதான் ஆரம்பித்தேன். பூர்வீக வளவு வீட்டில் உங்கள் பங்கு பர்மாத் தேக்குத் தூண்களுக்குக் காரைக்குடிக் கடைக்காரர் விலை கேட்டிருக்கிறார் என்றீர்களே, அதோடு ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டேன்.

கோடியைத் தொடும் செலவு அது. எந்தப் பேரேட்டில் எழுதினாலும் நேராகாது. கௌரவம் பேசும் அம்மான் வட்டி கட்ட வரமாட்டார்.

மகள் வாயே திறக்கவில்லை. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். லாக் (மடக்கை) வரைபடத்தில் வரிசையாகப் புள்ளிகள்: விண்வெளியில் வெகுதொலைவில் திடீரென்று நிகழும் காமாக் கதிர் வெடிப்புகள், அவை விட்டுச்செல்லும் எக்ஸ்ரே பின்னொளி. இவற்றைப் பார்க்க 2004-இல் ஏவிய ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் தரவு இணையத்தில் இலவசம். உங்கள் கைபேசியில்தான் எடுத்திருக்கிறாள்.

வெடிப்பு பெரும்பாலும் சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ தீர்ந்துவிடும். பின்னொளி நாள்கணக்கில் தேயும். பலவற்றில் முதலில் மளமளவென்று சரிந்து, நடுவே மட்டமாக நின்று, பிறகு நிதானமாக இறங்கும். மட்டம் நீள நீள, அது முடியும்போது ஒளித்திறன் குறைவாக இருக்கிறது என்று 2008-இல் வானியற்பியலாளர் மரியா டைனோட்டி குழுவினர் காட்டினார்கள்.

அதில் ஒரு வில்லங்கம். தொலைவில் மங்கலாக இருப்பவை கருவியின் கண்ணில் படுவதேயில்லை. பட்டதை மட்டும் எண்ணினால் இல்லாத ஒழுங்கும் இருப்பதாகத் தோன்றும். விடுபட்டதையும் கணக்கில் சேர்க்கத் தெரிய வேண்டும், அதுதான் புள்ளியியல். மருந்துச் சோதனையில் பாதியில் விலகும் நோயாளிகளைக் கணக்கில் கொள்வதும், காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் போடுவதும் இதற்குப் பங்காளி வேலைகள்தான். கல்யாணமான தம்பதிக்கு ஒரு புள்ளி என்று எண்ணிக் கோவிலுக்குப் புள்ளி வரி கட்டும் வீட்டுக்காரர் புள்ளியியலுக்குப் பயப்படலாமா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

வானியலில் நிரந்தர வேலைகள் மிகக் குறைவு, மறைக்க மாட்டேன். அதனால்தான் வானியல் பட்டம் வேண்டாம், பி.எஸ்சி. புள்ளியியல் என்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு நிற்கும். பைத்தான் நிரல்மொழியும் இயற்பியலும் பக்கத்தில் ஓடட்டும். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் உண்டு. அதன்பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். ஆராய்ச்சி அலுத்துப்போனால் யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. மற்ற வழிகளை ஊரே சொல்லும், நான் எதற்கு?

கடைக்காரர் வந்தால் தூண் விலைக்கு இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். அம்மானிடம் நான் பேசுகிறேன். நோட்டின் மூன்றாம் பக்கத்தில் கோடு ஏன் மடங்குகிறது என்று மட்டும் மகளிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். திரும்பி வரும்வரை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.