சிரித்துக்கொண்டே சொன்னால்?

அன்புள்ள ஐயா,

தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி 2025 ஏப்ரலில் பேசியதைக் கடுமையாகக் கண்டித்திருந்தீர்கள். மேடையில் ஒரு வேகத்தில் வாய்தவறி வந்ததுதானே? கட்சிப் பதவி போனது, மன்னிப்பும் கேட்டார், அந்த மாதமே அமைச்சர் பதவியும் போனது. மற்றக் கட்சிக்காரர்கள் பேசாததா? வெறும் பேச்சை வைத்து ஒருவரை எடைபோடுவது நியாயமா?

கு., விருத்தாசலம்

அன்புள்ள கு.,

வாய்தவறினால் பெயர் மாறும், வருடம் தப்பும். பொன்முடி செய்ததுபோல, சைவ, வைணவக் குறிகளைப் பாலியல் தொழிலாளியிடம் போன ஒருவனோடு முடிச்சுப் போட்டுக் கதை சொல்வது அப்படி வருவதில்லை. எந்த இடத்தில் சிரிப்பு எழும் என்று தெரிந்துதான் அந்த மாதிரிக் கதையைச் சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காகப் பேசியிருந்தாலும் கண்டிக்கத்தக்கது என்று அவர் கட்சியின் கனிமொழியே சொன்னார்.

எனக்குப் பொன்முடியின் இன்னொரு பழைய பேச்சும் மறக்கவில்லை. 2022 செப்டம்பரில், பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை 'ஓசி' என்றார். சில நாள் கழித்து டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா, காலியாக இருந்த இருக்கைப் பக்கம் போனார். "ஓசி டிக்கெட்டுக்கு சீட்டு வேறயா?" என்றான் ஒரு பையன். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மா உட்காரவில்லை. கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்து நகத்தளவு ஆக்கிக்கொண்டு, இறங்கும்வரை நின்றே வந்தார். பையன் பொல்லாதவன் இல்லை. அமைச்சரே சொன்ன சொல், நாமும் சொல்லலாம் என்று நினைத்திருப்பான். நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

தலைவர் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். அந்தச் சொல் அப்புறம் யார் வாய்க்குப் போகிறது, யார்மேல் விழுகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. 2020 ஜனவரியில் தில்லித் தேர்தல் பிரச்சாரத்தில் பா.ஜ.க.வின் ஒன்றிய இணையமைச்சர் அனுராக் தாக்கூர் 'தேசத் துரோகிகளை' என்று எடுத்துக்கொடுத்தார். 'சுட்டுத் தள்ளு' என்று கூட்டம் முடித்துவைத்தது. பாதியை மட்டும் சொன்னவருக்கு மீதி என்னவென்று தெரியாதா? தேர்தல் ஆணையம் 72 மணி நேரம் பிரச்சாரத் தடை விதித்தது, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் அது தொடர்பான வழக்கை விசாரித்த தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி, சிரித்துக்கொண்டே சொன்னால் குற்றமில்லை என்று வாய்மொழியாகக் குறிப்பிட்டார். எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மன்னிப்பு பற்றிக் கேட்டீர்கள். அறிக்கையாக வருவது கட்சித் தலைமைக்கும் பத்திரிகைக்கும் போய்ச் சேரும். பேசியவர் அதே போன்ற மேடையில், அதே ஆட்கள் முன்னால் மைக்கைப் பிடித்து, "அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது, நீங்களும் சிரித்திருக்கக் கூடாது" என்று சொல்லட்டும். அதை மன்னிப்பு என்று ஒத்துக்கொள்கிறேன்.